சாமிக்கு வராத கோபம்

போன வாரம் ஓர் அம்மா வந்து அழுதார்கள். அண்ணன் மகன் கல்யாணப் பத்திரிகையில் அவர்கள் வீட்டுக்காரர் பெயர் விட்டுப்போயிற்றாம். ஆறு மாதமாக அண்ணனோடு பேச்சு இல்லை. பத்திரிகையை மட்டும் கைப்பையிலேயே வைத்திருக்கிறார்கள். எடுத்து எடுத்துக் காட்டி, மஞ்சள் தடவிய மூலையெல்லாம் நைந்துவிட்டது.

நம் எல்லார் பையிலும் அப்படி ஒரு பத்திரிகை இருக்கிறது. இப்போது போன் வேறு வந்துவிட்டது. நம் சாமியை, நம் ஊரை எவரோ ஏதோ சொன்னார் என்று ஒரு செய்தி வரும். படித்து முடிப்பதற்குள் காது சூடாகிவிடும். கட்டைவிரல் பதில் அடிக்க ஆரம்பித்துவிடும்.

நாயன்மார்களில் ஒருவரான ஏயர்கோன் கலிக்காமரும் அப்படிக் கொதித்தவர்தான். சிவனின் தோழரான சுந்தரர் சங்கிலியாரையும் மணந்ததால் முதல் மனைவி பரவையாருக்கு அவர் மேல் ஊடல். அதைத் தீர்க்கச் சிவபெருமானையே தூது அனுப்பினார் சுந்தரர். கேள்விப்பட்ட கலிக்காமருக்குப் பொறுக்கவில்லை. என் சாமியை ஒரு பெண் வீட்டுக்கு நடக்கவிட்டானே என்று குமுறினார். பக்தியில் பிறந்த கோபம் அது. அதுதான் அடக்கக் கடினமானது. நியாயத்தின் முகத்தோடு வரும்.

ஆனால் பாருங்கள், நடந்தவருக்குக் கோபமே இல்லை! திருவாரூர்த் தெருவில் நள்ளிரவில், ஒரு தடவைக்கு இரண்டு தடவை, தோழனுக்காக விரும்பிப் போனார். அவர் படாத அவமானத்தைக் கலிக்காமர் சுமந்தார். கலிக்காமருக்குச் சூலை நோய் என்னும் கடும் வயிற்றுவலி வந்தது. சுந்தரர் வந்தால்தான் தீரும் என்றார் இறைவன். அவர் கையால் பிழைப்பதைவிடச் சாவதே மேல் என்று உடைவாளால் தம் வயிற்றையே கிழித்துக்கொண்டார் கலிக்காமர்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அடுத்த முறை சுருக்கென்று தைக்கும்போது, புண்பட்டது யார் என்று உங்களையே கேளுங்கள். அடித்த பதிலை அனுப்பாமல் வைத்துவிட்டு, எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடியுங்கள். அநியாயத்தைத் தட்டிக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொதிப்பு அடங்கியபின் கேளுங்கள், சொல் போய்ச் சேரும். வள்ளுவர் பொறையுடைமையை 16-ஆம் அதிகாரமாக இல்லறத்தில் வைத்தார். வெகுளாமையை 31-ஆம் அதிகாரமாகத் துறவறத்தில் வைத்தார். கோபமே வராதிருப்பது அவ்வளவு பெரிய தவம். குடும்பஸ்தர்களாகிய நாம் வந்த கோபத்தைக் கொஞ்சம் பொறுத்தாலே போதும் என்று அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கதைக்குத் திரும்புவோம். சுந்தரர் வாசலுக்கு வந்துவிட்டார். கலிக்காமரின் மனைவியார் அழுகையை அடக்கச் சொல்லி, விளக்கேற்றி வரவேற்கச் செய்தார். உள்ளே போய்ப் பார்த்த சுந்தரர், என்னை இப்படி வெறுத்தாரே என்று முகம் சுளிக்கவில்லை. இவருக்கு ஆனது எனக்கும் ஆகட்டும் என்று அதே வாளை எடுத்தார். இறையருளால் கலிக்காமர் எழுந்தார். எழுந்தவர் முதலில் செய்தது, பாய்ந்து அந்த வாளைப் பிடித்ததுதான். சுந்தரர் அவர் காலில் விழ, அவர் சுந்தரர் காலில் விழ, பிறகு இருவருமாகத் திருப்புன்கூருக்குச் சாமி கும்பிடப் போனார்கள்.