கட்டளையும் மனச்சாட்சியும்

போர்க்களத்தில் கீழ்ப்படிதலே முதலாவது அறம் என்பர். அவ்வறத்திற்கும் எல்லை உண்டா? அமெரிக்காவின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவைச் சேர்ந்த றிச்சாட் வின்ரர்ஸின் (1918–2011) வாழ்வு இவ்வினாவை எழுப்புகின்றது.

1944 யூன் 6இல் நோர்மண்டியில் பரசூட் மூலம் இறங்கிய அவர், சிறு குழுவொன்றுடன் ஜேர்மனியப் பீரங்கி நிலையைத் தாக்கிப் புகழ் பெற்றார். ஆயினும் அவரது பெருமையை 1945 பெப்ரவரியில் பிரான்சின் ஹகனோ நகரிலேயே காணல் வேண்டும். ஆற்றைக் கடந்து கைதிகளைப் பிடித்துவரச் சென்ற அணியில் ஒருவர் உயிரிழந்தார். மீண்டும் ஓர் அணியை அனுப்புமாறு மேலதிகாரி பணித்தார். அதனால் உயிர்கள் வீணாகும் எனக் கருதிய வின்ரர்ஸ், வீரரை உறங்கவிட்டு, அவர்கள் சென்றும் கைதிகள் அகப்படவில்லை எனப் பொய்யறிக்கை அளித்தார்.

பொய்யுரைத்தல் எந்நிலையிலும் தவறு என்பது கான்ற்றின் கொள்கை. அதிகாரி ஒவ்வொருவரும் கட்டளைகளைத் தம் விருப்பப்படி தெரிந்தெடுப்பின் படையே குலையும் என்பதும் மெய்யே. ஆனால் வின்ரர்ஸ் ஆபத்துக்கு அஞ்சி மறுத்தவரல்லர். நோர்மண்டியே அதற்குச் சான்று. அவர் மறுத்தது பயனற்ற மரணத்தை. தேடிக்கொண்டதோ தமக்கான தண்டனையை. பொய் பொய்யாகவே நிற்கின்றது. எனினும் பிறர் உயிரைக் காத்து, பழியைத் தாமே சுமக்கத் துணிவோரிடத்து மட்டுமே கீழ்ப்படியாமை அறமாகின்றது.