சிலுவையும் சுவரும்

கருவடிக்குப்பத்தில் வாழும் நாம் நகருக்குள் செல்லும்போதெல்லாம், மிஷன் வீதியிலே சம்பா கோயிலைக் காண்கிறோம். பெரிய வெள்ளியன்று ஏசுவின் பாடுகளை நினைந்து உருகும் மக்களையும் காண்கிறோம். அந்தக் கண்ணீரை எள்ளி நகையாடுவது பகுத்தறிவன்று. அதன் பொருள் யாது என்று கேட்பதே பகுத்தறிவு.

மாந்தரின் பாவத்துக்காக ஏசு துன்புற்றார் என்பது கிறித்துவ நம்பிக்கை. மனிதன் இறைவனுக்குத் தீர்க்க இயலாத கடனை அவர் தீர்த்தார் என்று விளக்கினார், 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம். ஒரு மாணவன் செய்த பிழைக்கு மற்றொருவனை அடித்துவிட்டு, கணக்குத் தீர்ந்தது என்று கூறும் ஆசிரியரை நாம் மதிப்போமா? "ஏசு மனமுவந்தன்றோ ஏற்றார்!" என்பர். ஆகட்டும்! பணக்கடனைப் பிறர் அடைக்கலாம். பிழை செய்தவன் திருந்தாதிருக்க, அவன் குற்றத்தைப் பிறர் சுமந்து தீர்ப்பதெங்ஙனம்?

அடுத்த நூற்றாண்டின் அபெலார் வேறு வழி காட்டினார். சிலுவையில் வெளிப்பட்ட அன்பு, காண்போர் நெஞ்சிலும் அன்பை மூட்டுகிறது. அதுவே மீட்பு என்றார். நல்லது! அப்படியாயின் நாம் கேட்கவேண்டியது ஒன்றே: நெஞ்சம் மாறிற்றா?

இன்றைய கட்டிடத்துக்கு முன்பிருந்த சம்பா கோயிலுக்குள்ளே ஒரு சுவர் நின்றது. தாழ்த்தப்பட்ட கிறித்துவர் ஒருபுறம். சாதிக் கிறித்துவர் மறுபுறம்! 1745இல் தாழ்த்தப்பட்டோர் குருவிடம் நியாயம் கேட்டனர், சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்துவர் கொதித்தெழுந்தனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இதனைச் சொல்கிறது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ரோமானியர் அடிமைகளுக்கும் கலகக்காரர்க்கும் அளித்த இழிதண்டனை சிலுவை. அடிமையின் சாவைச் செத்தவரை வணங்கிக்கொண்டே, அடிமையாக்கப்பட்டவனைச் சுவருக்கு அப்பால் நிறுத்தினர்! ஆயின், நியாயம் கேட்டவரும் அதே சிலுவையை வணங்கியவரே. 'தாங்கிக்கொள்' என்ற கட்டளையை அவர்கள் அதிலே படிக்கவில்லை; 'எவரையும் துன்புறுத்தாதே' என்ற கட்டளையைப் படித்தனர். இருவரில் சிலுவையின் பொருளை அறிந்தவர் யார்?

அச்சுவர் வீழ்ந்து 280 ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் தமிழ்நாட்டில் சில ஊர்க் கல்லறைகளிலே சாதிப் பிரிவு நிற்கிறது. அதைச் சுட்டும் விரலை நம் பக்கமும் திருப்புவோம். கடவுளை மறுத்துவிட்டு, மணப்பந்தலில் மட்டும் சாதியைத் தேடும் தோழர் நம்மிடையே இல்லையா? ஏசுவின் துன்பத்துக்கு அழுதவனாயினும், அழ மறுத்தவனாயினும், தன் வீட்டுச் சுவரை இடிக்காதவரை இருவரும் ஒருவரே.

கண்ணீர் போதாது, கடப்பாரை வேண்டும்!