வாயில் மறுக்கும் உரிமை

பிறழுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக்கி அதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று 2023இல் நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தும், புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது இடம்பெறவில்லை. சிறைக்குப் பயந்து காப்பது கற்பும் அல்ல, நேர்மையும் அல்ல, நீக்கியது சரிதான். ஆனால், குற்றமில்லை என்றானதும் தவறே இல்லை என்று பேசுகிறவர்கள் பெருகியிருப்பது கவலை தருகிறது. செய்தவர் கலைஞர் என்றால், மேதைக்கு இது சகஜம் என்று உடனே சலுகை வேறு.

அந்தச் சலுகையைத் தமிழ் சினிமாவில் மிக இனிமையாக வழங்கிய படம் கே. பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ (1985). இளையராஜா, சித்ரா, சுஹாசினி மூவருக்கும் தேசிய விருது பெற்றுத் தந்த படம். இசையில் அது உச்சம். ஆயினும் மகத்தான படமாகவில்லை. காரணம் அறம் சார்ந்தது.

சங்கீதம் தெரியாத மனைவி பைரவியோடு வாழும் வித்வான் ஜே.கே.பி.யின் தனிமை உண்மையானது. பாலசந்தர் அதை நுட்பமாகவே காட்டுகிறார். ஆனால் தனிமையை மனைவியிடம் சொல்லியிருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்ததோ சிந்து என்ற பெண்ணுடனான உறவும் அதன் மறைப்பும். துரோகத்தின் வேர் காமத்தைவிட இந்த மறைப்பில்தான் இருக்கிறது.

நம் முன்னோர் மேதைக்கு விலக்கு அளிக்கவில்லை. எத்தனை பெரியவராயினும் பிறன்மனை புகுந்தால் அப்பெருமையால் என்ன பயன் என்று கேட்கிறார் வள்ளுவர். குறள் சொல்லும் சூழல் வேறு, அளவுகோல் இதற்கும் பொருந்தும். மயிலுக்குப் போர்வை தந்த பேகன் மனைவியைப் பிரிந்தபோது கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அவனிடம் சென்று, மனைவியின் துயரைத் தீர்க்குமாறு வேண்டிப் பாடினார்கள். புறநானூறு அதற்குச் சாட்சி. அன்றைய கலைஞர்கள் கண்ணீர் விட்ட மனைவியின் பக்கம் நின்றார்கள். பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவனுக்கு மருதத்திணைத் தலைவி வாயில் மறுக்கிறாள், அதாவது வீட்டுக்குள் விட மறுக்கிறாள். மதுரையில் கோவலன் வருந்தி நிற்கும்போது, அவன் ஒழுகியது போற்றத்தக்கதன்று என்பதை அவன் முகத்துக்கு நேரே சொல்பவள் கண்ணகிதான். பொறுமைக்குப் பெயர்போன கண்ணகி!

சுலக்‌ஷணா நடித்த பைரவிக்கு அந்த வாயில் இல்லை. வித்வான் குடித்துச் சீரழிவதைக் காட்டப் படத்துக்கு நிறைய நேரம் இருக்கிறது. ஏமாற்றப்பட்டவளின் கோபத்துக்கு இல்லை. பிள்ளையில்லாத அவள் கையில், சிந்து அவள் கணவனுக்குப் பெற்ற குழந்தையைக் கொடுத்துக் கணக்கு நேராகிவிட்டது என்கிறது முடிவு. சிந்துவின் தியாகத்துக்குப் பார்வையாளர்கள் உருகுகிறார்கள். பைரவியிடம் மன்னிப்பா, மறுப்பா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் பெறுவது மன்னிப்பாகாது. தவறிழைத்தவர் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் விடுதலைப் பத்திரம் அது.

பிறழுறவு இந்துத் திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் மணவிலக்குக்கான காரணமாக இன்றும் நிற்கிறது. சட்டம் விட்டுவைத்த அந்த வாயிலைக் கதைகளும் திறந்துவைக்க வேண்டும். இனி இக்கதையை எடுக்கும் இயக்குநர்களே, சமாதானக் காட்சியை எழுதுவதற்கு முன் மனைவியை முழுதாகப் பேச விடுங்கள்.