விட்டுவைத்த நுனி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் முதுகுவலியை யாரும் நோயாக எண்ணுவதில்லை. குழித்தறிக்குள் காலை இறக்கிக் குனிந்தபடி நாளெல்லாம் நாடா எறிகிறவருக்கு இடுப்பு வலிக்கத்தானே செய்யும்? சித்தப்பாவின் வலியும் அப்படித்தான் தைலத்திலும் ஒத்தடத்திலும் பல மாதம் கழிந்தது. ஹீமோகுளோபின் இறங்கி, கிரியாட்டினின் ஏறிய பிறகுதான் மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். மல்டிபிள் மைலோமா. கிருமிகளை எதிர்க்கும் புரதத்தைச் செய்யவேண்டிய பிளாஸ்மா செல்கள், மஜ்ஜைக்குள் கட்டுமீறிப் பெருகி எலும்பை அரிக்கும் புற்றுநோய்.

இந்த வலி தறி தரும் வலிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஐம்பதைத் தாண்டிய நெசவாளரின் முதுகுவலி சில வாரங்களில் தணியவில்லை என்றால், ஹீமோகுளோபின், கிரியாட்டினின், கால்சியம், புரத எலெக்ட்ரோபோரெசிஸ் இவற்றைப் பார்த்துவிட வேண்டும் என்று தெருத்தெருவாகச் சொல்லத் தோன்றுகிறது. அண்ணா பிறந்த ஊர் இது. அவர் 1969இல் புற்றுநோயால் இறந்தார். காரப்பேட்டையில் அவர் பெயரிலேயே அரசுப் புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. ஆனாலும் இந்த ஒரு நோயின் பெயர் எங்கள் தெருக்களுக்குள் இன்னும் வந்து சேரவில்லை.

*

மெல்பலான் என்ற மருந்தை உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற அளவில் ஒரேயடியாகக் கொடுத்தால் மைலோமா செல்கள் பெருமளவு அழியும். மஜ்ஜையும் சேர்ந்து அழியும். அதனால்தான் மஜ்ஜையை மறுபடி உருவாக்கவல்ல ஸ்டெம் செல்களை நோயாளியிடமிருந்தே முன்கூட்டி எடுத்து வைக்கிறார்கள். சேலையை அறுத்து எடுக்கும்போது பழைய பாவின் நுனியைத் தறியிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு பிணைப்பார்கள். நுனி இல்லாவிட்டால் தறியையே முதலிலிருந்து கட்டவேண்டும். சித்தப்பாவுக்கு நான் இப்படித்தான் விளக்கினேன். உடனே தலையசைத்தார்.

இங்கே கொடுப்பவரும் அவரே, வாங்கிக்கொள்பவரும் அவரே. பொருத்தம் பார்க்க அண்ணன் தம்பியைத் தேட வேண்டியதில்லை.

*

ஸ்டெம் செல்கள் மஜ்ஜையை விட்டு எளிதில் வருவதில்லை. அங்கேயே பிடித்துக்கொண்டு இருப்பது அவற்றின் இயல்பு. பில்கிராஸ்டிம் ஊசியைத் தொடர்ந்து நான்கைந்து நாள் போட்டால் அந்தப் பிடி தளர்கிறது. செல்கள் ரத்த ஓட்டத்தில் இறங்குகின்றன. அந்த நாட்களில் மார்பெலும்பும் இடுப்பெலும்பும் வலிக்கும். மஜ்ஜை வேலை செய்வதன் வலி அது. இத்தனை மாதம் வலியைக் கண்டாலே பயந்த வீட்டில், இந்த ஒரு வலியை மட்டும் நாங்கள் வரவேற்றோம்.

ஊசி போதாதவர்களுக்குப் பிளெரிக்ஸாபர் கொடுக்கிறார்கள். எச்.ஐ.வி.க்காகச் சோதித்த மருந்து அது. அதைப் போட்டவர்களின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடுவதைக் கவனித்துத்தான் இந்தப் பயனைக் கண்டார்கள். அமெரிக்காவில் 2008இல் அனுமதி கிடைத்தது. லெனாலிடோமைட் மருந்தை நெடுநாள் எடுத்தவர்களின் செல்கள் வரத் தயங்கும்; ஆகவே நான்கு சுற்று போலக் கொடுத்ததுமே சேகரித்துவிடுவது நல்லது என்கிறார்கள். மருந்துச் சுற்று நடுவில் தவறிப்போகிற ஏழை வீடுகளில் இந்தக் கணக்கைக் காப்பாற்றுவதுதான் கடினம்.

*

கழுத்து ரத்தநாளத்தில் குழாய். பக்கத்தில் சுழலும் இயந்திரம். கனமான சிவப்பணுக்கள் ஓரத்துக்குப் போக, பிளாஸ்மா உள்பக்கம் தங்க, நடுவில் படியும் மெல்லிய அடுக்கை மட்டும் பைக்குள் இழுத்துக்கொண்டு மீதியை உடலுக்கே திருப்பி அனுப்புகிறது. நான்கைந்து மணி நேரத்தில் உடலின் மொத்த ரத்தமும் இரண்டு மூன்று முறை அதன் வழியே போய்வருகிறது.

"உதடு மரத்த மாதிரி இருக்கும்மா."

"சொன்னீங்களே, நல்லதுங்கய்யா" என்று சொல்லிக் கால்சியம் ஏற்றினார் செவிலி. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. நோய் தெரிந்தபோது எலும்பு கரைந்து ரத்தத்தில் கூடி நின்றதும் இதே கால்சியம்தான்.

பிறகு எண்ணுவார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல்கள், அதாவது ஸ்டெம் செல்கள், வேண்டும். 50 லட்சம் கிடைத்தால் நிறைவு. அறுபது கிலோ மனிதருக்குக் குறைந்தது 12 கோடி. போதாவிட்டால் மறுநாளும் அதே இயந்திரம். முடிவு வரும்வரை சித்தி தாழ்வாரத்தில் உட்காரவே இல்லை.

*

செல்களை உறையவைத்து ஆண்டுக்கணக்கில் காக்கலாம். அந்த வசதிக்குச் செலவு அதிகம். இந்தியாவில் பல மையங்கள் 4 டிகிரி குளிரிலேயே இரண்டு மூன்று நாள் வைத்துத் திருப்பிக் கொடுக்கின்றன. மெல்பலான் உடலை விட்டுச் சீக்கிரம் நீங்கிவிடுவதால் ஒரு நாள் இடைவெளி போதும். எளியவர்களுக்கும் இந்தச் சிகிச்சை எட்டியதற்கு இந்த எளிய முறை பெரிய காரணம் என்று நம்புகிறேன். இந்தியாவின் முதல் மஜ்ஜை மாற்று 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. 1986இல் வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கினார்கள். வேலூர் இங்கிருந்து பேருந்து தூரம்தான்.

சித்தப்பாவுக்குச் செல்களைத் திருப்பி ஏற்றியபோது பை காலியாக அரைமணிகூட ஆகவில்லை. அதன்பின் வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, காய்ச்சல். இரண்டு வாரத்தை ஒட்டி வெள்ளணுக்கள் ஏறத் தொடங்கின.

*

மைலோமா பெரும்பாலோருக்குத் திரும்பி வரும். மருத்துவர் இதை முதல் நாளே மறைக்காமல் சொன்னார். கிடைப்பது நோயில்லாத சில ஆண்டுகள். அந்த ஆண்டுகளை நீட்டத் தினம் இரவு லெனாலிடோமைட் மாத்திரை, எலும்புக்குச் சோலெட்ரானிக் அமிலம். உள்நாட்டு நிறுவனங்களே மாத்திரையைச் செய்வதால் கூலி வாங்கும் வீடும் சமாளிக்க முடிகிறது.

தறியில் எப்போது உட்காரலாம் என்று சித்தப்பா கேட்டார். முதுகெலும்பு ஸ்கேனை மறுபடி பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார் மருத்துவர். ஆடி கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.