நோயும் நுகர்வினையும்

நல்வழி நின்று சிவபெருமான்பால் அன்பு பூண்டொழுகும் ஒருவருக்குக் கொடுநோய் வந்துற்றக்கால், அவரைக் காணச் செல்லும் சைவர்களாகிய நாம் யாது கூறுதல் தகும்? ‘எல்லாம் வினைப்பயன்’ என்னும் சொல் நம் நாவில் முந்தி வந்து நிற்கின்றது. அது மெய்யே, சித்தாந்த நூல்கள் யாவும் அதனை வலியுறுத்துகின்றன. மெய்யாயினும், நோயுற்றார் செவியில் அதனைப் பெய்தற்கு நமக்கு உரிமை உண்டோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். ஆராய்ச்சி என்றேனேனும், இது பெரிதும் என் பிழையொன்றைப் பற்றியது.

காரைக்காலில் எனக்கு நெடுநாள் நண்பர் ஒருவர் இருந்தார். தம் பெயரை அச்சிற் காண ஒருப்படாதவராதலின் ஈண்டும் அதனை விடுக்கின்றேன். மளிகை வாணிகம் செய்தவர். முதிய தாயார், மனைவியார், இரு பெண்மக்கள், ஒரு மகன் என்னும் இவர்களைப் புரந்து வாழ்ந்தார். மாலைதோறும் கடையை மகனிடம் ஒப்புவித்துக் கயிலாசநாதர் திருக்கோயில் சென்று, ஒரு திருப்பதிகமேனும் பண்ணோடு பாடி மீள்வார். இனிய குரல், அதனினும் இனியது அவர் நகைப்பு. கடன் கேட்க வந்தவரும், கடனைத் திருப்பித் தர இயலாது நாணி வந்தவரும் அவர் கடையினின்றும் சிரித்துக்கொண்டே செல்வதை யான் பன்முறை கண்டதுண்டு.

அத்தகையார்க்குக் கன்னத்தின் உட்புறத்தே புற்றுநோய் கண்டது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் அறுவை செய்தனர். பின்னர் 6 வாரம், வாரத்திற்கு 5 நாளாக, 30 முறை கதிர்வீச்சு மருத்துவம் நிகழ்ந்தது. உமிழ்நீர் வற்றிற்று; கஞ்சியன்றி வேறொன்றும் விழுங்க ஒண்ணாதாயிற்று; வாய் இருவிரற்கடைக்கு மேல் திறவாதாயிற்று. பாடிய வாய்க்கு இது நேர்ந்தது.

ஊர் திரும்பிய அவரை முதன்முறை காணச் சென்றபோது, ஆறுதல் கூறுவதாக எண்ணிக்கொண்டு, நுகர்வினை உடலூழாய் வந்து கழியுமாற்றை ஒரு நாழிகைப் பொழுது விரித்துரைத்தேன். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றையும் விடாது கூறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குழறிய நாவால், “ஐயா, அவ்வளவு தூரம் போவானேன்? முற்பிறப்புக் கணக்கு ஆண்டவனிடம் இருக்கிறது. இப்பிறப்புக் கணக்கு என் கடைப் பேரேட்டிலேயே இருக்கிறது. முப்பது வருஷம் புகையிலை விற்றேன், விற்றது போக மிச்சத்தை நானே தின்றேன்” என்று கூறி நகைத்தார்.

அந்நகைப்பில் யானும் கலந்துகொண்டேன். புகையிலை மெல்லுதல் வாய்ப்புற்றுக்குக் காரணமாதல் யாவரும் அறிந்தது. புகையிலை சேராத வெறும் பாக்கும் அவ்வாறே என்பதை உலக நலவாழ்வு அமைப்பைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட நூலில் உறுதிசெய்துள்ளது. தாம்பூலத்தை மங்கலப் பொருளாகக் கொண்ட நாம் இதனைச் சிறிது சிந்தித்தல் நன்று. இப்பிறப்பிற் செய்தது இப்பிறப்பிலேயே பயன்தருமோ எனத் தருக்கம் செய்வார் சிலர் உளர். அதனைப் பிறிதொருகால் வைத்துக்கொள்வோம். நண்பர் அத்தருக்கத்திற் புகவில்லை. கடையில் புகையிலை வைத்த தட்டுக்களை ஒழித்துவிட்டு, அவ்விடத்தே விபூதிப் பைகளை அடுக்கினார். வருவாய் குறைந்தமை மகனுக்கு வருத்தமே. வாங்க வரும் இளைஞர்க்கெல்லாம் தம் கன்னத்துத் தழும்பைக் காட்டி, “இதுதான் என் கடையின் விளம்பரப் பலகை” என்பார்.

சில திங்கள் கழித்தே என் பிழை எனக்குத் தெரியவந்தது. “ஐயா சொன்னது சாத்திரம், குறை சொல்லவில்லை. ஆனால் அன்று சின்னவள் கதவுக்குப் பின்னே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ‘அப்பா, நீங்கள் போன ஜன்மத்தில் யாரையாவது கொன்றீர்களா?’ என்று இரவில் கேட்டாள்” என்றார். அப்போதும் புன்னகையோடுதான் கூறினார். எனக்கோ நாவெழவில்லை.

அன்று தொட்டு யான் எண்ணிப் பார்த்தது இது. வினை சடமாதலின் தானே வந்து பயன் தராது; இறைவனே அதனைக் கூட்டி நுகர்விக்கின்றான் என்பது நம் சித்தாந்தம். எனவே, இந்நோய் எவ்வினையின் பயன் என்னும் அறிவு கூட்டுவோனிடத்தே உள்ளது. செய்தான் ஒருவனும் நுகர்வான் ஒருவனும் தம்முள் அறிந்துகொள்ளாதவாறு மலம் மறைத்து நிற்கின்றது. அங்ஙனமாக, பக்கத்தே அமர்ந்து பழம் தின்றுகொண்டிருக்கும் யான் எவ்வாறு அறிவேன்? ‘இஃது என் வினை’ என்று துன்புற்றான் தானே உணர்வானாயின், அவ்வுணர்வு பிறரை நோவாமைக்கும் இறைவன் திருவருளைச் சார்தற்கும் ஏதுவாம். ‘இஃது உன் வினை’ என்று பிறனொருவன் கூறுவானாயின், அதே சொல் பழியாய் மாறிவிடும். சொல் ஒன்றே, சொல்லுவோன் வேறாயின் பொருளும் வேறாகின்றது.

நம் ஆசாரியர்கள் என் செய்தனர்? திருக்கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது, அது அந்நாட்டின் பருவ இயல்பு என்று அவர்கள் விண்ணப்பித்தனர். திருஞானசம்பந்த சுவாமிகள், நீவிர் முன்செய்தது யாது என ஒருவரையும் வினாவினாரல்லர். வினையுண்மையை அறிந்தும் அதனினின்று உய்யும் நெறியை நாடாது வாளாவிருத்தல் குறைபாடன்றோ என்னும் கருத்தமையத் திருநீலகண்டப் பதிகத்தைப் பாடி, அச்சுரத்தை அந்நாட்டினின்றே நீக்கினார். அவர் வினைக்கொள்கையைக் கூறியது நோயைத் தீர்த்தற்கு. யான் கூறியது என் புலமையைக் காட்டுதற்கு.

அண்மைக்காலத்தே திருவண்ணாமலை இரமண மகரிஷியின் இடக்கையில் முழங்கைக்கருகே தோன்றிய கட்டி புற்றெனத் தெரிந்து, 1949-இல் பன்முறை அறுவை செய்தும் மீண்டும் வளர்ந்தது. 1950 ஏப்பிரல் 14-ஆம் நாள் அவர் விதேகமுற்றார். கையையே களைந்துவிடலாம் என்றபோது அதற்கு அவர் இசைந்திலர். அழுத அன்பர்களை அவரே தேற்றினார். இதனை எடுத்துக்காட்டி நண்பரையும் அவ்வாறிருக்குமாறு கூறியவர் உளர். துறவி தம் உடம்பைப் பாரமாகக் கருதலாம். இரு பெண்மக்களுக்கு மணம் முடிக்க வேண்டிய தந்தைக்கு அவ்வுடம்பு அவ்வளவு எளிதிற் கழற்றும் சட்டையன்று. அவரைத் துறவியின் அளவுகோலால் அளத்தல் முறையாகாது.

யானும் ஒருவாறு அளந்தேன் என்பதை மறைத்தல் கூடாது. இன்பத்தையும் துன்பத்தையும் ஒப்பக் காணும் இருவினையொப்பு இவருக்கு வாய்த்துவிட்டது போலும் என்று வியந்து, அவ்வாறே எழுதவும் எண்ணியிருந்தேன். அவர் சிவபதம் அடைந்தபின் அவர் மனைவியார் என்னிடம், “பகலில் சிரித்ததெல்லாம் எங்களுக்காக ஐயா. இரவு இரண்டு மணிக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுவார்கள். வலி ஒருபக்கம், சின்னவளை நினைத்து ஒருபக்கம். நான் விழித்திருப்பது தெரிந்தால் அதற்கும் ஏதாவது வேடிக்கை சொல்வார்கள்” என்றார்.

இதனால் அவர் பத்திமை குறைந்ததென்பார் தேவார ஆசிரியர்களை அறியாதவர். திருவதிகையில் திருநாவுக்கரசு சுவாமிகள் வயிற்றுவலியை மறைத்துக்கொண்டா பாடினார்? குடர் முடங்கும் துன்பத்தை அப்படியே இறைவன்முன் வைத்து முறையிட்டார். கண்ணிழந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாரூர்ப் பெருமானிடத்து உரிமையோடு சினந்தே பேசினார். அழுகையும் ஊடலும் திருமுறைக்குள்ளேயே இடம்பெற்றிருக்கின்றன. ஆதலின் நண்பரின் நள்ளிரவழுகை இறைவனுக்கும், பகல்நகைப்பு இல்லத்தாருக்கும் உரியனவாயின. இரண்டையும் இடம்மாற்றாது அவர் வைத்திருந்ததை, யான் இருவினையொப்பு என்று பெயரிட்டுப் பெரிதாக்க வேண்டுவதில்லை. விருந்தினர்முன் தம் வறுமை தோன்றாது இலையிடும் இல்லறத்தார் செயலை ஒத்தது அது.

அவர் கண்ட கடைசி ஆனிப் பௌர்ணமி நினைவில் நிற்கின்றது. அம்மையார் மாங்கனித் திருநாளில் பிச்சாண்டவர் வீதியெழுந்தருளும்போது, மாடிகளினின்று மாம்பழங்களை இறைப்பது அவ்வூர் வழக்கம். பழத்தின் புளிப்பு நாவிற்பட்டால் எரியுமாதலின் இரண்டாண்டாக அவர் ஒரு துண்டும் உண்டறியார். கூடை நிறைய வாங்கிவைத்துக்கொண்டு, கீழே நின்ற என் தலையைக் குறிபார்த்து ஒன்றை எறிந்துவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் கோபுரத்தை நோக்கிக் கும்பிட்டு நின்றார்.

அதற்கு முன்னொருநாள் திருத்தருமபுரத்திற்குச் சென்றிருந்தோம். காரைக்காலுக்கு மேற்கே அணித்தாயுள்ள பாடல்பெற்ற தலம் அது. யான் பயின்ற ஆதீனம் மயிலாடுதுறையை அடுத்த வேறு தருமபுரம். பெயரொற்றுமையால் மயங்குவோர் பலர். பிள்ளையாரின் பதிகம் தம் யாழில் அடங்காமை கண்டு அதனை உடைக்க ஓங்கிய திருநீலகண்ட யாழ்ப்பாணரை, உடைக்க வேண்டா, இயன்ற அளவில் வாசிக்க என்று பிள்ளையார் தடுத்தருளிய இடம். யாழ்மூரிநாதர் சந்நிதியில் இளைய மகள் அப்பதிகத்தைப் பாடத் தொடங்கினாள். அவர் இதழ் அசைந்தது, ஒலி எழவில்லை. சிறிது நேரம் முயன்றுவிட்டு, என்னை நோக்கிக் கண்சிமிட்டி, மகளின் பாட்டுக்குத் தொடையில் தாளம் போடலானார். அவள் ஓரிடத்தில் அடி தவறியபோது தாளத்தை நிறுத்தி, விரலால் எண்ணிக்காட்டி, அவ்வடியை மீண்டும் எடுக்கச் செய்தார்.