சிவிகை தாங்கிய தோள்



திருப்பூந்துருத்தியிலே நிகழ்ந்த அற்புதத்தை நீங்கள் நன்கறிவீர்கள். பாண்டிநாட்டினின்றும் மீண்டெழுந்தருளிய திருஞானசம்பந்த மூர்த்தி சுவாமிகளது முத்துச்சிவிகையின் கீழ், முதுமை எய்திய திருநாவுக்கரசு சுவாமிகள், கூட்டத்தினுள்ளே தம்மை மறைத்துக்கொண்டு தோள்கொடுத்து நின்றார்கள். அப்பர் எங்குற்றார் என்று பிள்ளையார் வினாவியபோதே அஃது வெளிப்பட்டது. அடியார்க்கு அடிமை பூண்ட திறத்துக்கு இதனை எடுத்துக்காட்டுகின்றோம், அது தக்கதே. சிறுவரை வளர்ப்பார்க்கும் இதிலே ஓர் உபதேசம் உண்டு. மூத்தவர் தோள் கீழே நின்றது. இளையவர் மேலே எழுந்தருளினார்.

நமது திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலே வாலிபர் சங்கங்கள் பல உள. திருவிழாக் காலத்திலே தண்ணீர்ப்பந்தலையும் அன்னதானத்தையும் அவை ஊக்கத்தோடு நடத்துகின்றன. கொடியிறங்கியபின் அவ்வூக்கம் எங்கே போகின்றது? அதே ஊரில் நான்கும் ஐந்தும் வயதான குழந்தைகள், ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலையிலே, பெரிய பிள்ளைகளுக்குரிய பாடத்தைப் பின்வரிசையிலிருந்து கேட்டு உறங்குகின்றனர். அன்றேல், மேடையேறி மனனஞ் செய்ததை ஒப்புவித்துப் பரிசு பெறுகின்றனர். மேடையேற்றுதல் வேறு, சிவிகை தாங்குதல் வேறு. முன்னதிலே பெரியோர் புகழடைவர். பின்னதிலே பிள்ளை உயர்வடையும்.

யான் மிசன் மரபில் எழுந்த பாடசாலையொன்றிலே கல்வி கற்றவன். ஆதலால் பிறர் இத்தொண்டினை எத்துணைக் கருத்தாய்ச் செய்கின்றனர் என்பதை அணித்தே கண்டிருக்கின்றேன். இங்கிலாந்திலே குளொஸ்டர் நகரத்தில் 1780 இல் றொபேட் றெயிக்ஸ் என்பவர், வாரநாளெல்லாம் தொழில்செய்த ஏழைச் சிறார்க்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலை தொடங்கினார். பேடன் பவல் 1907 இலே பிரவுன்சீத் தீவிலிட்ட பாசறையினின்றும் சாரணர் இயக்கம் தோன்றிற்று. 1912 இலே அது மாத்தளை வழியாக இலங்கையுட் புகுந்தது. 1916 இலே குருளைச் சாரணர் பிரிவு எழுந்தது. 2021 இலே பிரித்தானியச் சாரணர், நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் ஒரு பிரிவை வகுத்தனர். நம் நாட்டிலும் குருளையர் வயதை எட்டாதார்க்குச் சிங்கிதிச் சாரணர் என்னும் பிரிவு உண்டு.

இவை பிறர் நெறி என்று ஒதுக்குவார்க்கு நாவலரவர்களை நினைவூட்டுகின்றேன். அவர் மிசன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, அம்முறையின் நலத்தை நம் சமயத்துக்கு ஆக்கிக்கொண்டார். 1848 இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது அவர் இருபத்தாறு வயது நிரம்பாத வாலிபர். தம்மிடம் பயின்ற இளைஞரையே அதற்கு ஆசிரியராக்கினார். அவ்வாறிருக்க, வாலிபர் இத்தொண்டுக்குரியரல்லர் என்று சைவர் எவ்வாறு சொல்லுதல் கூடும்?

இனி, கற்பிக்கத்தக்கன யாவை? குழந்தைக்குக் கையே முதற் புத்தகம். பூத்தொடுத்தல், கோலமிடுதல், திருநீறு முறையாக அணிதல், உண்ட இலையைத் தானே எடுத்தல், கோயில் வீதியிலே புல் அகற்றல் என்பன தொழிலுமாம், தொண்டுமாம். உழவாரப் படை தாங்கிய நாயனார் கதையைக் கேட்ட பிள்ளை, ஒரு புல்லையேனும் பிடுங்கின் அக்கதை அதன் உள்ளத்திலே வேரூன்றும்.

நாம் கடலை அடுத்து வாழ்பவர். 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை நிலாவெளி, கிண்ணியா, மூதூர் முதலிய கரைகளை அழித்ததை மறந்தோமல்லோம். அன்று தாய்லாந்தின் புக்கெற் கரையிலே, பாடசாலையிற் கற்ற புவியியற் பாடத்தை நினைவுகூர்ந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, கடலின் குறிகண்டு எச்சரித்தமையாற் பலர் உயிர்பிழைத்தனர். கடல் திடீரெனப் பின்வாங்கின் மேட்டுநிலத்துக்கு ஓடவேண்டும் என்பதை நம் பிள்ளைகள் விளையாட்டாகவே பழகுதல் வேண்டும்.

குடிமைப் பண்பும் சிறுசெயலிலே தொடங்குவது. தன் முறை வருமளவும் காத்திருத்தல், கண்டெடுத்த பொருளை உரியவரிடம் சேர்த்தல், அடித்தவன் மன்னிப்புக் கேட்டல் என்பவற்றை ஐந்து வயதிலே பழகாதவன் ஐம்பதிலே பழகுவது அரிது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் அடுத்தடுத்து வாழும் இத்துறையிலே, அயல்வீட்டுப் பிள்ளையை அதன் மொழியிலே நலம் வினாவக் கற்ற குழந்தை, நாளை ஊரிலே கலகம் மூளுங்கால் கல்லெடுக்கக் கூசும். யுத்தத்தின் துயரை நீள அனுபவித்த நமக்கு இதனினும் பெரிய பாடம் யாது?

ஆசிரியர்களே, வாலிபரை அழைத்துப் பயிற்றுதல் உங்கள் கடன். பத்துக் குழந்தைகளுக்கு இருவராக அவர்களை அமைமின்கள். எக்குழந்தையும் ஒருவரோடு தனித்திருக்க விடாதீர்கள். தாய்மார் எவரேனும் உடனிருக்க வேண்டும். பிரம்பு வேண்டா, பரிசும் பந்தயமும் வேண்டா. ஒருமணி நேரம் போதும். ஆனால் வாரந் தவறலாகாது. பிரத்தியேக வகுப்புகள் ஞாயிறு காலையையும் கவர்ந்துகொள்ளும் இக்காலத்திலே, நாம் விட்ட மணி மீண்டு கிட்டாது.

மூன்றாண்டுப் பிள்ளை அழுதபோது ஞானப்பால் அளித்த அம்மை, கோணமாமலையிலும் மாதுமையம்மையாய் எழுந்தருளியிருக்கின்றாள். நம் குழந்தைகளின் அழுகுரலும் அவள் திருச்செவிக்கு எட்டும். பாலூட்டுவது அவள் திருவருள். தோள்கொடுப்பது நம் கடன்.

திருச்சிற்றம்பலம்.