பாவையின் விலை

பிள்ளைக்கு விளையாட்டுப் பாவை வாங்கச் சென்ற ஒருவர் முன்னே, விலை மிக்கதொன்றும் விலை குறைந்ததொன்றுமாக இரண்டு பாவைகள் வைக்கப்படின், அவற்றுள் எதனைக் கொள்ளுதல் தக்கது? இதுவும் சைவப் பத்திரிகையில் ஆராயத்தகும் விஷயமோ எனச் சிலர் நகைப்பர். முப்பொருளுண்மை பேசவேண்டிய இடத்திற் பொம்மைக்கடையைத் திறந்துவிட்டீரே என்பாரும் உளர். ஆயினும், அறநூல்களை ஆண்டுதோறும் கற்பித்துவரும் எம்மிடத்து இவ்வினா ஒருநாள் ஹட்டன் நகரத்து வீதியில் கேட்கப்பட்டது. யாமும் உடனே விடை கூறினோம். அவ்விடை பிழையென்பது பின்னரே தெரிந்தது. எம்போலும் ஆசிரியர் பலர் அப்பிழையைப் பாடசாலையிலும் வெளியிலும் அறியாது செய்துவருகின்றனராதலின், அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

2024ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையன்று, மாணிக்கப் பிள்ளையாரை வணங்கிவிட்டு வீதிவழியே வருங்கால், ஒரு கடைவாயிலில் எமது பாடசாலையில் மூன்றாம் தரத்திற் பயிலும் சிறுமியொருத்தியும் அவள் தாயும் நிற்கக் கண்டோம். தாய் தோட்டத்திற் கொழுந்தெடுப்பவர். கடைக்காரர் இரண்டு பாவைகளைப் பலகைமேல் எடுத்து வைத்திருந்தார். ஒன்று, கிடத்தினாற் கண்ணை மூடுவது, நிமிர்த்தினால் திறப்பது. அதன் மயிரைச் சீவிப் பின்னலாம். மாற்றியுடுத்த இரண்டு சட்டைகளும் பெட்டியில் இருந்தன. விலை 4500 ரூபா. மற்றையது வெறும் பிளாஸ்டிக் வார்ப்பு. கண்ணும் மயிரும் சாயத்தால் எழுதப்பட்டவை. விலை 650 ரூபா. (இரண்டிற்கும் மயிர் பொன்னிறம், கண் நீலம். அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.) தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1000 ரூபாவிலிருந்து 1350 ரூபாவாக உயர்த்தப்பட்டு அப்பொழுது இரண்டு மாதமும் ஆகவில்லை. தோட்டத்திலே ஒருநாள் வேலையைப் ‘பேர்’ என்றும், குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிடின் ‘அரைப்பேர்’ என்றும் வழங்குவர். அக்கணக்கின்படி முன்னது மூன்று பேருக்கும் மேற்பட்ட விலையுடையது, பின்னது அரைப்பேருக்குள் அடங்குவது.

“சேர், நீங்களே சொல்லுங்க, எத வாங்கட்டும்?” என்று தாய் எம்மைக் கேட்டார்.

யாம் சிறிதும் தயங்கிலேம். வீதியென்றும் பாராது சிக்கனத்தின் சிறப்பையும் கடனின் கொடுமையையும் விரித்துரைத்து, “சின்னதே போதும் அம்மா, பிள்ளைக்கு இரண்டும் பொம்மைதானே” என்று முடித்தோம். அவர் கையிலிருந்த பணத்தை ஒருமுறை நோக்கினார். “சேர் சொன்னாச் சரிதான்” என்று சிறியதை வாங்கினார். சிறுமி ஒன்றும் பேசவில்லை, அழவுமில்லை. அழுதிருப்பின் யாம் அப்பொழுதே சிந்தித்திருத்தல் கூடும்.

எமது விடைக்கு நியாயமே இல்லையென்று கூறவாரேம். கடனென்பது மலைநாட்டுத் தமிழரைப் பொறுத்தவரை வெறுஞ் சொல் அன்று. அவர்தம் முன்னோர் தமிழகத்தினின்றும் புறப்படும்பொழுதே வழிச்செலவும் முற்பணமும் கங்காணியின் கணக்கிற் கடனாக ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிற்குப் போவார், தம் கடன்தொகை எழுதிய ‘துண்டு’ என்னுஞ் சீட்டோடு போயினர். அக்கடனைத் தீர்க்க உடன்பட்ட தோட்டமே ஆளைப் பெற்றது. மனிதர் கடன்வழியே கைமாறிய அம்முறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இக்காலத்தும் தீபாவளி முற்பணம் என ஒரு தொகை பெற்று, அதனைப் பின்வரும் மாதச் சம்பளங்களிற் கழிக்கவிடுதல் வழக்கமாயிருக்கிறது. இனி உணவின் நிலையோ எனின், 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர் வயதிற்கேற்ற உயரம் இல்லாதவர். நாடு முழுவதற்கும் அத்தொகை 17 அளவினதே. இவற்றை அறிந்த ஒருவன், பாவைக்கு மூன்று பேரைக் கொடுத்துவிடுக என்று எளிதிற் கூறான். முற்பணத்தில் வாங்கிய பாவை பிள்ளையின் முட்டையையும் பாலையும் தின்றுவிடும். இதனை யாம் இன்றும் மறுக்கிலேம்.

ஆனால் அத்தாயின் கையிலிருந்தது முற்பணமன்று. தீபாவளி கழிந்து பாடசாலை தொடங்கியபின், சிறுமியே பேச்சுவாக்கில் எமக்கு அதனைத் தெரிவித்தாள். ஓய்வுநாளிற் சென்று பறிக்கும் கொழுந்திற்கு நிறைப்படி கொடுக்கும் காசைக் ‘கைக்காசு’ என்பர். ஆறு ஞாயிற்றுக்கிழமை மலையேறிப் பறித்த கைக்காசை, வீட்டுச் செலவிற் கலவாது பால்மாப் பேணியொன்றில் இட்டுவைத்து, அப்பெரிய பாவைக்கென்றே தாய் ஹட்டனுக்குக் கொணர்ந்திருக்கிறார். கடைவாயிலில் அவர் எம்மைக் கேட்டது, ஆசிரியரைக் கண்ட மரியாதையாற் கேட்டதே. ‘பெரியதை வாங்குக’ என்னும் ஒருசொல்லை அவர் எதிர்பார்த்திருக்கவும் கூடும். யாமோ அக்காசு எங்கிருந்து வந்தது என ஒரு வினாவும் வினாவாது தீர்ப்பளித்தோம்.

திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தகாலத்து, இறைவர் திருஞானசம்பந்தருக்கும் திருநாவுக்கரசருக்கும் நாள்தோறும் படிக்காசு அருளிய வரலாற்றை நாம் வகுப்பிலே எத்தனைமுறை சொல்லியிருக்கிறோம்! பிள்ளையார் பெற்ற காசிற்கு வாசி இருந்தது. நாவரசர் பெற்ற காசு வாசியின்றிச் செல்லுபடியாயிற்று. அவர் கையால் உழவாரத் தொண்டு செய்தாராதலின், உடல் வருந்திய தொண்டிற்குரிய காசிலே குறைவில்லை என்று பொருளும் விளக்குவோம். அங்ஙனம் விளக்கிய யாமே, மழையிலும் அட்டைக்கடியிலும் ஆறு ஞாயிறு உழைத்த காசிற்கு ஹட்டன் வீதியில் வாசி கழித்தோம்.

எமது விடையிலே பிழைசெய்த சொல் எது என ஆராயப் புகின், அது ‘போதும்’ என்பதே. ஆசிரியர்க்கு இலக்கண உவமையாற் கூறுதும். ‘போதும்’ என்பது ஒருவன் தன்னைக்குறித்துத் தன்மையிற் கூறும்பொழுது அறமாகும். துறவோர் முதலாயினோரைப் பெரியராக்கியது அச்சொல்லே. அதனையே படர்க்கைக்கு ஏற்றி, ‘அவர்களுக்கு இது போதும்’ என்னுங்கால் அது அறமாகாது. பிறன் ஒருவனின் தகுதியை நாமே நிறுத்து விலைகட்டுதலாய் முடியும். சொல் ஒன்றே, இடம் மாறியவிடத்துப் பொருளும் மாறிற்று.

இதனை யாம் இளமையிலேயே அறிந்திருத்தல் வேண்டும். யாம் பயின்ற மிஷன் பாடசாலையிலே மார்கழி மாதத்திற் கடல்கடந்த நாட்டிலிருந்து பரிசுப்பொருள்கள் வரும். அவற்றை ஈரிடமாகப் பிரித்துவைப்பர். உத்தியோகத்தர் பிள்ளைகளுக்கு முடுக்கிவிட்டால் ஓடும் வண்டிகளும் பாவைகளும். லயத்துப் பிள்ளைகளுக்குப் பென்சிலும் இனிப்பும். கொடுத்தவர் கொடியவரல்லர். எமக்கு எழுத்தறிவித்தவர், நோயுற்ற பிள்ளைகளை வீடுதேடி வந்து பார்த்தவர். அவரிடம் ஒருவர் காரணம் வினாவியபொழுது, ‘இவர்களுக்கு இதுவே போதும், இதற்கே மகிழ்வார்கள்’ என்று அன்போடு கூறினார். அவர் சொன்னவாறே யாம் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சியின் அடியிற் கிடந்த நாணம் இத்தனை ஆண்டு சென்றும் மாறவில்லை. அவ்வினிய குரலையே யாம் ஹட்டனில் எம் வாயாற் கேட்டோம்.

ஈண்டுச் சைவராகிய நம்மிடம் ஒரு மறுப்பு எழும். அன்பிற்கு விலையேது? பூசலார் நாயனார் மனத்தினாற் கட்டிய கோயிலையன்றோ, காடவர்கோன் காஞ்சியில் எடுத்த கற்றளியினும் முற்பட இறைவர் விரும்பினார்? ஆதலின் விலைகுறைந்த பாவையே அன்பினால் உயர்ந்ததாகும் என்பர். இம்மறுப்பு நாயனாரின் வரலாற்றைப் பாதியில் நிறுத்திக் கூறுவது. அவர் முதற்கண் பொருள் தேடினார். பலவிடத்தும் முயன்று, சிறிதும் கிடையாமையாலேதான் மனத்தினாற் கட்டத் துணிந்தார். துணிந்தபின்னும் கைச்சுருக்கமாய்க் கட்டினாரோ? பொருள்களைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார், தச்சரைத் தேடினார், நல்லநாள் பார்த்து அடிநிலை இட்டார், விமானமும் மதிலும் கிணறும் குளமும் ஒன்றும் குறையாது அமைத்தார். எண்ணத்திலே எடுத்த கோயிலையும் அவர் மலிவாக எடுத்தாரல்லர். ‘எம்பெருமானுக்கு இவ்வளவு போதும்’ என்னும் நினைவு அவரிடத்தில் இல்லை. பிறருக்குச் சிக்கனம் போதிக்கப் பூசலாரைச் சான்று காட்டுவது பெரும்பிழை.

அங்ஙனமாயின், விலைமிக்கதே அன்பின் அடையாளமோ? அதுவுமன்று. லயத்திலே காம்பராக்களுக்கிடையே ஒரு சுவரே உள்ளது. ஒருவர் வீட்டுப் பெட்டியைப் பிரிக்கும் ஓசை அடுத்தவீட்டிற்குக் கேட்கும். அயலார் கண்ணிற்காக வாங்கும் பாவை, பிள்ளையின் கையிலிருந்தாலும் பிள்ளைக்குரியதன்று. தோட்டத்தாருக்கு மாத்திரமோ இது? நகரத்து உத்தியோகத்தரே இதில் மிக்கவர். அவரை நோக்கி ‘சின்னதே போதும்’ என்று கூற எமக்கு ஒருபோதும் வாய் வந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

உண்மை அறிந்தபின் எமக்குத் தோன்றிய முதல் எண்ணம், 4500 ரூபாவைக் கொண்டுபோய் அப்பாவையை யாமே வாங்கிக் கொடுத்துவிடுவோம் என்பது. அதனைத் தடுத்தது ஒரு நாடகம். சூத்திரகர் வடமொழியில் இயற்றியதைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் மண்ணியற் சிறுதேர் எனத் தமிழாக்கினார். அதில் வறுமையுற்ற சாருதத்தனின் மகன், அயல்வீட்டுப் பிள்ளையின் பொற்றேரோடு விளையாடியவன், பணிப்பெண் செய்துகொடுத்த மண்தேரை வேண்டாது அழுகிறான். வசந்தசேனை அவனை எடுத்தணைக்கிறாள். இவளும் உனக்குத் தாயே என்று பணிப்பெண் கூற, தாயாயின் இவள் ஏன் நகை பூண்டிருக்கிறாள் எனப் பிள்ளை வினாவுகிறான். அவள் கண்கலங்கி நகைகளைக் கழற்றி மண்தேரிலே நிரப்பி, இவற்றாற் பொற்றேர் செய்துகொள் என்கிறாள். அந்நகைகளே பின்னர் நீதிமன்றத்திலே விழுந்து, அவளைக் கொன்றான் என்னும் பொய்வழக்கிற்குச் சான்றாகி, சாருதத்தனைக் கொலைக்களம்வரை கொண்டுசெல்கின்றன. அவள் உயிரோடு வந்து நின்றமையால் அவன் பிழைத்தான். கொடுத்தவளின் உள்ளம் தூயது, கொடை வறியவனின் வீட்டிற் செய்த வேலை வேறு. யாம் அப்பாவையை வாங்கிக் கொடுத்திருப்பின், அஃது ஆசிரியர் கொடுத்த பாவையாய் லயமெங்கும் பேசப்படும். ஆறு ஞாயிற்றுக்கிழமை உழைப்பு ஒன்றுமில்லாததாய்விடும். முதலில் அறிவுரையாற் பறித்ததை இரண்டாவது கொடையாற் பறித்தவர் ஆவோம்.

ஆகவே வெறுங்கையோடு லயத்திற்குச் சென்று, அன்று அறியாது கூறினோம் என்று மாத்திரம் சொன்னோம். “அதுக்கென்ன சேர், மிச்சக் காசுல அவளுக்குச் சப்பாத்து வாங்கிட்டேன்” என்று தாய் சிரித்தார். சப்பாத்தும் வேண்டியதே, எமது அறிவுரை முற்றும் வீணாகவில்லை என மனம் ஆறுதல் தேடிற்று. அப்பொழுது சிறுமி பாவையை எடுத்துவந்தாள். அதன் எழுதிய கண்கள் மூடாவாதலின், உறங்கச்செய்யும் வேளையிற் பழைய துணிக்கீற்றொன்றை அக்கண்களின்மேற் கட்டுகிறாளாம். இதனைக் கேட்ட நண்பரொருவர், பார்த்தீரா, பிள்ளையின் கற்பனைக்குச் சிறிய பாவையே போதுமாயிற்று என்றார். அப்பெருமை பிள்ளைக்கு உரியது, எமது அறிவுரைக்கு அதிற் பங்கில்லை.

பாடசாலை விழாக்களிலே நாம் கொடுக்கும் பரிசுகளையும் இவ்விடத்து நினைத்தல் நன்று. விஜயதசமிக்குப் பரிசு வாங்கச் செல்லும் குழுவினர், வீடுசேருமுன் உடையும் பொருள்களை டசின் கணக்கில் வாங்கி வருகின்றனர். தம் பிள்ளைக்கு அதனை வாங்குவாரோ எனின், வாங்கார். இருபதுக்குப் பணமில்லையாயின் அதனைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாய்க் கூறலாம். பணம் போதாதென்பது உண்மை, பிள்ளைகளுக்கு இது போதும் என்பது அவ்வுண்மையின்மேல் நாம் போர்த்தும் போர்வை. பெற்றோர் எம்மைக் கேட்பின், இச்சாயம் வாயில்வைத்தாற் கரையும், இம்மூட்டு விரைவில் முறியும், இத்தையல் நிற்கும் எனப் பொருளின் தன்மையைச் சொல்லுதல் எமது கடன். கடன்வாங்கிய பணமாயின் அதன் பாரத்தையும் நினைவூட்டலாம், வினாவி அறிந்தபின்.

2025ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முன்னும் அவ்விருவரையும் அவ்வீதியிலே கண்டோம். சிறுமிக்கு இப்பொழுது பாவையில் விருப்பமில்லை. வர்ணப் பென்சிற்பெட்டி கேட்டாள். கடைக்காரர் பன்னிரண்டு நிறமுள்ளதொன்றும் முப்பத்தாறு நிறமுள்ளதொன்றும் எடுத்துவைத்தார். தாய் எம்மை நோக்கி வணக்கஞ் சொன்னார், வேறொன்றும் கேட்கவில்லை. யாம் கடைவாயிலில் தொங்கிய குடைகளின் விலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.